வியாழக்கிழமைத் தோட்டம்

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, கணேஸ்வரன் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "அதாவது."

வேறு ஆளாக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கணேஸ்வரன் பகலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். சனி, ஞாயிறு வந்துவிட்டால் கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணாம் வரைக்கும் எந்தக் கல்யாணத்திலும், எந்தக் கோயில் திருவிழாவிலும் மைக்கைப் பிடிக்கிற அறிவிப்பாளர். மணமேடையில் ஐயர் தாமதித்தாலும், கரண்டு போய்த் திரும்பி வந்தாலும், கூட்டம் கலையாமல் பேச்சாலேயே பிடித்து வைத்திருப்பார். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாத இடத்தில் மட்டும் "அதாவது" என்று இழுத்து ஒரு மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த மூச்சு முடிவதற்குள் அவருக்கு விஷயம் கிடைத்துவிடும்.

இப்போது "அதாவது" வருகிறது. பின்னால் எதுவும் வருவதில்லை.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "நினைக்கிறதும் சரியாத்தான் நினைக்கிறாரு. நினைச்சது வாய்க்கு வர்ற பாதையிலதான் அடைப்பு. கொஞ்சம் கொஞ்சமா வரலாம். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது."

குமுதா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் புக்கிட் பெலிம்பிங் பக்கம் தாமான் குடியிருப்பு வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் பேச்சு அவருடையது, கேட்பது அவளுடையது என்று தானாகவே அமைந்துவிட்டது. அதில் அவளுக்குக் குறையும் இருந்ததில்லை. ஊசியை வாயில் கவ்விக்கொண்டிருப்பவள் எதைப் பேசுவது? வெளியே எங்கே போனாலும் அவர் முன்னால் நின்று பேசுவார், இவள் பின்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இப்போது அவள் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. கிளினிக்கில், சொக்சோ தொழிலாளர் காப்புறுதி அலுவலகத்தில், லோரி முதலாளியிடம், ஜொகூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் என்று எல்லா இடத்திலும் அவளே பேசினாள். முதலில் நாக்கு தடுமாறியது. மலாயில் பேசும்போது சொல் தேட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு மாதம் போவதற்குள் அவளுக்கே வியப்பாக இருக்கும்படி பேச்சு வந்தது. கணேஸ்வரன் "அதாவது" என்று தொடங்குவார். குமுதா உடனே, "அவரு என்னா சொல்றாருன்னா..." என்று எடுத்துக்கொள்வாள். பல நேரம் சரியாகவும் இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தவளுக்கு அவர் மனது தெரியாதா?

"அக்கா, ஒங்களுக்கு இவ்வளவு பேச வருமா?" என்று மளிகைக் கடைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். அன்றைக்கு வீடு வரும் வரை குமுதாவின் நடை கொஞ்சம் வேறு மாதிரிதான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனுக்கு வாய் போன நேரத்தில் தனக்கு வாய் வந்ததைச் சந்தோஷம் என்று வெளியே சொல்ல முடியுமா என்ன?

அந்தச் சமயத்தில்தான் அப்பளசாமி வீட்டுக்கு வந்தார். சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் கணேஸ்வரன் பிறந்து வளர்ந்த தொழிலாளர் லயம் இப்போது இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு அப்பளசாமிதான் தலைவர். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஹோர்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருவிழா வருதும்மா," என்றார் கடைசியில், குமுதாவைப் பார்த்து. "தம்பி என்ன நெனைக்கிறாருன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கணேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையைத் தூக்கினார். "அதாவது... அதாவது..."

"அவரு என்னா சொல்றாருன்னா அண்ணே, இந்த வருஷம் வேற ஆள வெச்சுப் பாத்துக்குங்க. அவரு ஒதுங்கிக்கிறாராம். ஒடம்பு மொதல்ல தேறட்டும்."

"அதாவது," என்றார் கணேஸ்வரன் இன்னும் சத்தமாக.

"ஆமா, யாரு செஞ்சாலும் அவருக்கு வருத்தம் இல்லையாம்."

அப்பளசாமிக்கு நிம்மதியாக இருந்தது. செல்வா என்ற பையன் நன்றாகப் பேசுகிறான், அவனை வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று சாயங்காலம் கணேஸ்வரன் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவிட்டார். சோற்றையும் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வியாதிக்காரருக்கு வருகிற கோபம் என்று குமுதா நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியத்தில் கோலா சிலாங்கூர் மறுவாழ்வு மையத்துக்குப் போகச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மையம் என்றால் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. பழைய கடைவீட்டின் கீழ்த்தளம், ஒரு நீளமான கூடம். பிரேமலா என்ற பெண் ரவாங்கிலிருந்து வாரம் ஒரு நாள் வந்து பயிற்சி கொடுத்தாள். காலையில் பேச்சு வராத பிள்ளைகள், மதியத்தில் பெரியவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் சாமான்கள் ஒன்றேதான். சுவரில் காகிதச் சூரியகாந்தி, தரையில் புல் மாதிரி பச்சைத் துணி, பிளாஸ்டிக் பூவாளி, ஒரு மூலையில் சுருட்டி வைத்த மஞ்சள் ரப்பர்க் குழாய்.

கணேஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டார். சூரியகாந்தியைப் பார்த்தார். பிறகு குமுதாவைப் பார்த்தார்.

"பிள்ளைங்க சாமான்தாண்ணே," என்றாள் பிரேமலா. "மொத நாளு எல்லாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும். சும்மா ஒக்காந்து பாருங்க. பிடிக்கலன்னா அடுத்த வாரம் வேணாம்."

உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். நாகமணி என்ற அம்மாவுக்குக் கைநடுக்கம். பாக் டின் பாசிர் பெனாம்பாங் ஊரின் மலாய்க்கார மீனவர், அவருக்கும் பக்கவாதம்தான், ஆனால் பேச்சு போகவில்லை. பிரேமலா தமிழிலும் மலாயிலும் மாறி மாறிச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் விதை விளையாட்டு. நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து தலையை முழங்காலுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். அவள் பச்சைப்பயறு போட்ட போத்தலைக் குலுக்குவாள். அது மழை. மழைச் சத்தம் கேட்டதும் விதை மெதுவாக முதுகை நிமிர்த்தி, கையை விரித்து, முடிந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

பாக் டின் பாதி எழுந்து மறுபடியும் நாற்காலியில் விழுந்தார். "பெலான் பெலான்," மெதுவா மெதுவா என்று மலாயில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சிரித்தார். கணேஸ்வரன் குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பிடித்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி கடைசி வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமும் அப்படியேதான். ஆனால் வர மறுக்கவில்லை. வியாழன் மதியம் ஆனதும் சட்டையை அவரே எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

அவரை அசைத்தது அந்த ரப்பர்க் குழாய். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் குழாயை அசைத்தால் அடுத்தவர் அதைக் கையில் உணர்ந்து அதே மாதிரி அசைத்து அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். பேச்சு கூடாது. குமுதா அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயைச் சுற்றி வைத்தாள். பாக் டினிடமிருந்து ஒரு அசைவு வந்தது. அது நாகமணி கைக்குப் போனதும் குழாய் முழுவதும் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது.

"என் கிட்ட தண்ணி நெறையாவே வருதுலா," என்றார் நாகமணி, தன் கையைப் பார்த்தபடி.

முதலில் பாக் டின் சிரித்தார். பிறகு நாகமணி. அதற்குப் பிறகு வந்த சிரிப்பு யாருடையது என்று குமுதா திரும்பிப் பார்த்தாள். கணேஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் எந்தக் குறையும் இல்லை, பழைய சிரிப்பேதான். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் அதைக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அவரும் விதையானார். குனிந்தார், மழைக்கு நிமிர்ந்தார். எழுந்து நின்றபோது வலது கால் நடுங்கியது. ஆனாலும் நின்றார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை பிரேமலா புதிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கினாள். இரண்டு பேர், ஒருவர் செடி, ஒருவர் தோட்டக்காரர். செடிக்கு வாய் கிடையாது. தனக்கு என்ன வேண்டும் என்பதை முகத்தாலும் உடம்பாலும் காட்ட வேண்டும். பூவாளி, குடை, விசிறி, உரப்பை, நாற்காலி என்று சில சாமான்கள் ஓரத்தில் இருந்தன. தோட்டக்காரர் பார்த்துப் புரிந்துகொண்டு எடுத்துவர வேண்டும்.

கணேஸ்வரன் செடியாக நின்றார். குமுதா தோட்டக்காரி. அவர் இடது கையை மேலே தூக்கினார்.

"வெயிலா? கொடையா?" குமுதா குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்தாள். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். "அப்ப தண்ணி." பூவாளி வந்தது. கை இன்னும் கீழே இறங்கவில்லை, அதற்குள் விசிறியும் வந்தது, உரப்பையும் வந்தது. அவர் கையைக் கீழே போட்டார். முகம், அப்பளசாமி வந்துபோன சாயங்காலம் தேநீர்க் கோப்பையைத் தள்ளியபோது இருந்த மாதிரி ஆனது.

"அக்கா," என்று பிரேமலா மெதுவாக அவள் தோளைத் தொட்டாள். "அண்ணே இன்னும் சொல்லி முடிக்கல."

குமுதாவுக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியும் பிரேமலா. அவரு கைய அசைச்சாலே எனக்குப் புரியும்."

"இருக்கலாம்கா. ஆனா அவர முடிக்க விடாட்டி, ஒங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாத்திக்குவோமா? நீங்க செடியா இருங்க. வாயத் தொறக்கக் கூடாது. ஒங்களுக்கு என்ன வேணும்னு மனசுல நெனச்சுக்கிட்டுக் காட்டுங்க. விளையாட்டுக்கு நெனைக்காதீங்க. நெஜமாவே வேணும்கிறத நெனைங்க."

குமுதா கூடத்தின் நடுவில் போய் நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக் டினும் நாகமணியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனக்கு என்ன வேண்டும்? அதை யோசிக்கப் போனால் ஒன்றும் வரவில்லை. அவருக்கு மருந்து வேண்டும், பகலில் தூங்கினால் தலையணையைச் சரிசெய்ய வேண்டும், தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை முடிக்க வேண்டும், மகளுக்குப் போன் போட வேண்டும். தனக்கென்று கேட்டால் வாய் இருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஒன்றும் காட்டாமல், சும்மா நின்றாள்.

கணேஸ்வரன் எதிரே நின்று அவளைப் பார்த்தார். அவசரப்படவில்லை. முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், செருப்பில்லாத கால்களைப் பார்த்தார். பிறகு திரும்பி ஓரத்துக்குப் போனார். பூவாளியைத் தாண்டினார். குடையைத் தாண்டினார். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை இடது கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வலது காலை ஒவ்வொரு தடவையும் இழுத்து வைத்து வர வேண்டியிருந்தது. நாற்காலியின் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. யாரும் உதவிக்கு எழவில்லை. பிரேமலா கையைக் காட்டி எல்லாரையும் உட்கார வைத்திருந்தாள்.

நாற்காலியை அவள் பின்னால் வைத்து, தோளில் கையை வைத்து மெல்ல அழுத்தினார்.

குமுதா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. புடவைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கணேஸ்வரன் பக்கத்திலேயே நின்றார். "அதாவது," என்றார் ரொம்ப மெதுவாக. அதற்கு அவள் எதையும் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னாங்க, அன்னைக்குத் தலைவர்கிட்ட நீங்க ஒதுங்கிக்கிறதா சொன்னனே. அது நீங்க சொன்னதில்ல. நானா சொன்னது."

அவர் ஆமாம் என்று தலையை வேகமாக ஆட்டினார். கண் கலங்கியது. அதில் கோபமும் இருந்தது, விடுபட்ட மாதிரியும் இருந்தது.

"அப்ப ஒங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க. நான் பேசல."

பேசாமல் இருப்பது குமுதாவுக்கு முன்பெல்லாம் பழக்கமான காரியம். இப்போது அது பெரும்பாடாக இருந்தது. அவர் மைக் பிடிப்பதுபோலக் காட்டிவிட்டு, வேண்டாம் என்று கையை விசிறினார். நெஞ்சில் தட்டிக்கொண்டார். வடக்குப் பக்கம், ஊர் இருக்கும் திசையைக் காட்டினார். பிறகு கையால் ஏதோ செய்தார், வா என்பது போலவும் இருந்தது, நில் என்பது போலவும் இருந்தது. அவளுக்குப் புரியவில்லை. வாயில் பத்து பதில் வந்து நின்றது, எல்லாவற்றையும் விழுங்கினாள். கடைசியில், "எனக்குப் புரியலீங்க. ஆனா தலைவர்கிட்ட ஒங்கள கூட்டிட்டுப் போறேன். நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அப்பளசாமிக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்கும்மா. வரச் சொல்லு," என்றார்.

குமுதாவே மைவி காரை ஓட்டிக்கொண்டு போனாள். கோயில் மண்டபத்து வாசலில் கணேஸ்வரன் நின்று, அவளைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார். நீ இங்கேயே இரு. அது அவளுக்கு உடனே புரிந்தது. அவர் மட்டும் உள்ளே போனார்.

கார் அருகே நின்றுகொண்டு மண்டபத்துச் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருவராக என்னவோ சொல்ல, அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் கால்கள் தானாக இரண்டு தடவை படியேறப் போய்த் திரும்பின. யாரோ பொறுமை இழந்து எழுந்ததையும், அப்பளசாமி அந்த ஆளின் கையைப் பிடித்து உட்கார வைத்ததையும் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க முடியாமல் காருக்குள் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பளசாமிதான் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"மொதல்ல ஒண்ணுமே வெளங்கலம்மா. ஆளுக்கு ஒண்ணா கேட்டோம், அன்னதானமா, பந்தலா, பணியாளான்னு. கடைசியா இவரு மேசையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையெல்லாம் எடுத்து வரிசையா வெச்சாரு. ஒரு கரண்டிய அதுக்கு நடுவுல ஓட்டிக் காட்டினாரு. செல்வாதான் 'காருலா, காருலா'ன்னான். காருங்கள நிறுத்துற வேலைய எங்கிட்ட குடுங்கன்றாரு." அப்பளசாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வருஷா வருஷம் அந்த மைதானத்துச் சேத்துல காரு மாட்டிக்கிட்டு அடிதடி வரைக்கும் போவுது. லோரி ஓட்டுன மனுசன். எங்களுக்குத் தோணவே இல்ல பாரு."

கணேஸ்வரன் காரில் ஏறி, சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். களைத்துப்போயிருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை பிரேமலாவுக்குக் காய்ச்சல். போன் போட்டுக் குமுதாவிடம், "அக்கா, நீங்க நடத்துறீங்களா? எல்லாம் ஒங்களுக்குத் தெரியும்," என்றாள். குமுதா தயங்கினாள். பிறகு போனாள். பச்சைப்பயறு போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். "விதை எல்லாம் குனிஞ்சுக்குங்க. இன்னும் மழ வரல," என்றாள். பாக் டினுக்கு அதையே தன் மலாயில் சொன்னாள். மூன்று தலைகள் குனிந்தன. அதில் ஒன்று கணேஸ்வரனுடையது. நிறைய நேரம் பேசினாள் அன்றைக்கு. பேச வேண்டிய இடத்தில் பேசினாள், யாருடைய பேச்சையும் பிடுங்காமல். அதில் வந்த சந்தோஷத்தை மறைக்கவும் தேவையிருக்கவில்லை.

திருவிழா நல்ல வெயிலில் நடந்தது. முந்தின நாள் மழையில் மைதானத்தின் கீழ்ப்பகுதி சேறாகக் கிடந்தது. கணேஸ்வரன் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு, ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் நின்றார். இடது கையால் வா என்றார், நில் என்றார், பின்னால் எடு என்றார். விறைப்பான வலது கையைக்கூட இடுப்பில் ஊன்றி வைத்துக்கொண்டதில் ஒரு அதிகாரி தோரணை வந்துவிட்டது. கோலா குபு பாருவிலிருந்து வந்த ஒரு பெரிய கார்க்காரர் கண்ணாடியை இறக்கி வழி கேட்டார். அவருக்கும் கையால்தான் பதில். செல்வா ஒலிபெருக்கியில் கார் நம்பரைச் சொல்லி வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. குமுதா அன்னதானப் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டே அவ்வப்போது மேட்டைப் பார்த்தாள்.

சாயங்காலம் வெயில் சாயும்போது கிளம்பினார்கள். சாலையின் இரு பக்கமும் செம்பனை. அவர் திடீரென்று அவள் பக்கம் கையை நீட்டினார். "அதாவது."

"ஏசி குளுருதா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளிக் காட்டினார். கதவைக் காட்டினார். தரையைக் காட்டி, இழுப்பது போல் செய்தார். வயிற்றைப் புரட்டுகிறதா? எதையாவது கோயிலில் விட்டுவிட்டாரா? கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. குமுதா சிக்னலைப் போட்டு, வண்டியை மெதுவாக ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"மெதுவா சொல்லுங்க. அவசரமில்ல."

அவர் பெருமூச்சு விட்டார். குனிந்து அவள் மடியைத் தாண்டிக் கையை நீட்டி, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. கதவிடுக்கில் மாட்டி, நுனி வெளியே போயிருந்தது.

குமுதா கதவைத் திறந்தாள். மகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த புதுப் பட்டு, தோட்டத்திலிருந்து இவ்வளவு தூரம் சாலையைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஓரச் சரிகை முழுவதும் சேறும் தாருமாக, ஒரு இடத்தில் நூலாகவே பிரிந்திருந்தது. அவள் அதைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பின்னால் வந்த செம்பனை லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகும் வரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.